நோயாளியின் பதிவு மருத்துவமனை விட்டு மருத்துவமனை போகும் வழி: மின்னணு மருத்துவத் தகவல் பகிர்வு, ஓர் எளிய விளக்கம்

சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவரின் மருத்துவ விவரங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கெடுத்தால், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொஞ்சம், மாலை நேரத்தில் போய்ப் பார்க்கும் தனியார் மருத்துவரிடம் கொஞ்சம், பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள லேபில் கொஞ்சம், எப்போதோ நெஞ்சு வலிக்காகச் சேர்ந்திருந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கொஞ்சம் என்று அவை சிதறிக் கிடக்கும். இவற்றில் எந்த இடத்துக்கும் மற்ற இடங்களில் இருப்பது தெரியாது. எல்லாவற்றையும் ஒருசேர வைத்திருப்பது, அந்த வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் ஒரு துணிக்கடைப் பைதான். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் பிலிம், மை மங்கிப்போன ஈ.சி.ஜி. தாள், தேதியில்லாத மருந்துச் சீட்டு ஆகிய அனைத்தும் அதற்குள் இருக்கும். மருத்துவமனைக்குப் புறப்படும் அவசரத்தில் அந்தப் பையை எடுக்க மறந்தால், அன்று அவரைப் பார்க்கும் மருத்துவருக்கு அவர் முற்றிலும் புதிய நோயாளி.

இப்படிச் சிதறிக் கிடக்கும் விவரங்கள், நோயாளியின் ஒப்புதலோடு, ஒரு சிகிச்சை நிலையத்தின் கணினியிலிருந்து இன்னொன்றின் கணினிக்குப் போய்ச் சேர்வதையே மின்னணு மருத்துவத் தகவல் பகிர்வு என்கிறோம். இதைத் தொடங்கும்போதே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மருத்துவமனை கணினிமயமாவது வேறு, மருத்துவமனைகளுக்கு இடையே தகவல் பகிரப்படுவது வேறு. நம் நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் பதிவு, பில், லேப் முடிவு எல்லாம் பல ஆண்டுகளாகக் கணினியில்தான் நடக்கின்றன. ஆயினும் அங்கிருந்து வெளியேறும் நோயாளியின் கையில் அச்சிட்ட தாள்தான் தரப்படுகிறது. அடுத்த மருத்துவமனையில் ஒருவர் அதைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்கிறார், அல்லது செய்யாமலே விடுகிறார். ரிப்போர்ட்டைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் மருத்துவருக்கு அனுப்புவதும் இங்கே பேசப்படும் பகிர்வு ஆகாது. அந்தப் படத்தை மருத்துவர் கண்ணால் படிக்கலாம். அதிலுள்ள எண்ணை முந்தைய எண்ணோடு அடுக்கிக் காட்டவோ, மருந்தின் பெயரைப் பார்த்து எச்சரிக்கவோ அவருடைய கணினியால் இயலாது. உண்மையான பயன் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பழைய எண் எதற்கு உதவும்?

மருத்துவத் தகவல் பகிர்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நினைவிழந்து கொண்டுவரப்படும் விபத்து நோயாளியைத்தான் முதல் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். என் மதிப்பீட்டில், இதனால் மிகுதியாகப் பயன் பெறுபவர் அவரல்லர். ஆண்டுக்கணக்கில் நோயோடு நடமாடும், எந்த அவசரமும் இல்லாதவர்போலத் தோன்றும் சாதாரண நோயாளியே. ஏன் என்பதை ஒரு பரிசோதனையை வைத்து விளக்கலாம்.

சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பார்கள். பெண்களுக்கு இந்த அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.1 மில்லிகிராம் வரை இருந்தால் பல லேப்கள் அதை இயல்பு எல்லைக்குள் எனக் குறிக்கும். 60 வயதுள்ள ஒரு பெண்ணுக்குத் தஞ்சாவூரில் எடுத்த பரிசோதனையில் 0.7 என்றும், இரண்டு ஆண்டுகள் கழித்து மகன் வீட்டுக்கு வந்தபோது சென்னையில் எடுத்த பரிசோதனையில் 1.1 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டு தாள்களிலும் எச்சரிக்கைக் குறி எதுவும் இருக்காது. தனித்தனியே பார்க்கும் இரண்டு மருத்துவர்களும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகத்தை இன்று வழக்கிலுள்ள சூத்திரப்படி கணக்கிட்டால், முதல் எண்ணுக்கு நிமிடத்துக்குச் சுமார் 99 மில்லிலிட்டரும், இரண்டாவது எண்ணுக்குச் சுமார் 57 மில்லிலிட்டரும் வரும். அதாவது இரண்டு ஆண்டுகளில் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருக்கிறது. இந்த அளவு 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட சிறுநீரக நோய் என்றே வகைப்படுத்துவார்கள். லேபுக்கு லேப் அளவிடும் முறையில் சிறு வேறுபாடு இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் இவ்வளவு பெரிய மாற்றத்தைக் கண்ட மருத்துவர் பரிசோதனையைத் திரும்ப எடுக்கச் சொல்வார், முட்டி வலிக்காக நாள்தோறும் விழுங்கிக்கொண்டிருக்கும் வலி நிவாரணியை நிறுத்தச் சொல்வார், சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினின் அளவை மறுபடி யோசிப்பார். 1.1 என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இவற்றில் எதையும் செய்யக் காரணம் இருக்காது.

நோயைக் காட்டிக்கொடுப்பது எண்ணைவிட எண் நகரும் திசைதான் என்பது பல பரிசோதனைகளுக்குப் பொருந்தும். நெஞ்சு வலியோடு வருபவரின் ஈ.சி.ஜி.யில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது இன்று காலை உண்டானதா, ஐந்து ஆண்டுகளாகவே இருப்பதா என்ற கேள்விக்கான விடையைப் பொறுத்துச் சிகிச்சையின் வேகமே மாறும். பழைய ஈ.சி.ஜி. ஒன்று கண்முன் இருந்தால் அந்த ஐயம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். மார்பு எக்ஸ்ரேயில் தெரியும் சிறு புள்ளி, இரத்தசோகையின் அளவு, குழந்தையின் எடை எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான்.

மருந்து விஷயத்தில் பயன் இன்னும் நேரடியானது. இந்தியாவில் ஒரே மருந்து எண்ணற்ற வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால், இரண்டு மருத்துவர்களைப் பார்க்கும் ஒருவர் ஒரே இரத்த அழுத்த மருந்தை இரண்டு பெயர்களில், இரண்டு நிறங்களில், ஒரே நாளில் விழுங்க வாய்ப்பிருக்கிறது. சளி மாத்திரையிலும் காய்ச்சல் மாத்திரையிலும் பாராசிட்டமால் இருப்பதை வாங்குபவர் பெரும்பாலும் அறிவதில்லை. மருந்துச் சீட்டுகள் வேதிப் பெயரோடு மின்னணுப் பதிவாக ஓரிடத்தில் சேர்ந்து தெரிந்தால், இரட்டிப்பைக் கணினியே சுட்டிக்காட்டிவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்குச் சில நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கொடுத்தால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த அமாக்சிசிலின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். "ஏதோ ஊசி போட்டாங்க, உடம்பெல்லாம் தடிச்சிருச்சு" என்று நோயாளி நினைவுகூர்வதை வைத்து எந்த மருந்து என்று முடிவுகட்ட எந்த மருத்துவராலும் முடியாது. ஒவ்வாமை ஏற்பட்ட அன்றே அந்த மருத்துவமனை அதைப் பதிந்து, அந்தப் பதிவு அடுத்த இடத்துக்கும் போயிருந்தால் யாரும் ஊகிக்க வேண்டியிருக்காது.

ஒரே பரிசோதனையை இரண்டு முறை எடுக்கும் செலவு குறையும் என்பது அடுத்துச் சொல்லப்படும் பயன். மருத்துவச் செலவில் பெரும்பங்கைச் சொந்தப் பணத்தில் கட்டும் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமன்று. சி.டி. ஸ்கேனில் பணத்தோடு கதிர்வீச்சும் சேர்கிறது. வயிற்றுப் பகுதிக்கு ஒருமுறை சி.டி. எடுத்தால் உடலில் சேரும் அளவு சுமார் 8 மில்லிசீவர்ட்; உலக சராசரியில் மனிதர் ஒருவர் இயற்கையிலிருந்து ஓராண்டு முழுவதும் பெறுவதே 2.4 மில்லிசீவர்ட்தான். அவசியமென்றால் எடுக்கத்தான் வேண்டும், ஆனால் பழைய படம் கிடைக்கவில்லை என்பதற்காக இன்னொரு முறை எடுப்பது வருத்தத்துக்குரியது. இதில், படத்தைப் பற்றி எழுதிய அறிக்கை மட்டும் வந்தால் போதாது, படமே வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சை செய்யப்போகிறவர் பிறர் எழுதிய இரண்டு வரிகளை நம்பிக் கத்தியை எடுக்க மாட்டார். பகிர்வு வந்த மறுநாளே பரிசோதனைச் செலவு சரிந்துவிடும் என்றும் எதிர்பார்க்கலாகாது. நோய் மாறியிருந்தால் மருத்துவர் புதிய பரிசோதனை கேட்பார், கேட்பதே சரி.

நமக்கு ஏற்கெனவே அறிமுகமானவை

இந்த ஏற்பாடு நமக்கு முற்றிலும் புதியது என்று சொல்லிவிட முடியாது. 2021 ஜனவரி 16 அன்று கோவிட் தடுப்பூசி தொடங்கியபோது கோவின் தளத்தில் பதிந்தவர்கள், முதல் ஊசியை மதுரையிலும் இரண்டாவதைக் கோயம்புத்தூரிலும் போட்டுக்கொள்ள முடிந்தது. எந்த ஊசி, எந்த நாள் என்பதை இரண்டாவது மையத்தில் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு செய்தியைப் பகிர்ந்ததற்கே இவ்வளவு வசதி இருந்தது.

தமிழ்நாட்டின் தாய் சேய் நலப் பதிவு அதைவிட முந்தையது, அதைவிட ஆழமானதும்கூட. கர்ப்பம் உறுதியானதும் பிக்மி தளத்தில் பதிந்து 12 இலக்க ஆர்.சி.எச். எண் பெறுவது இங்கே வழக்கமாகிவிட்டது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பதால் தனியார் மருத்துவமனைக்குப் போகும் பெண்களும் பதிந்துகொள்கிறார்கள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். ஏழு மாதம் வரை கணவர் ஊரிலும், மீதி மாதங்கள் பிறந்த ஊரிலும் பார்க்கப்படும் ஒரு பெண்ணின் இரத்த வகை, இரத்தசோகை அளவு, இரத்த அழுத்தம், முந்தைய பிரசவம் அறுவைச் சிகிச்சையா என்பன இரண்டாவது ஊரின் செவிலியருக்குத் தெரிந்திருப்பது உயிர் காக்கும் விஷயம். சிக்கல் நேரக்கூடிய கர்ப்பம் என்று முன்கூட்டியே தெரிந்தால், எந்த மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பது என்பதை வலி எடுத்தபின் தேட வேண்டியதில்லை.

காசநோய்க்கும் இத்தகைய தேசியப் பதிவு இருக்கிறது. 2012-இல் தொடங்கப்பட்ட நிக்ஷய் தளத்தில் ஒவ்வொரு காசநோயாளிக்கும் ஓர் எண் உண்டு. வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம் நீளும் நோய் இது; திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளி நடுவில் ஊர் திரும்பினால், அவர் எத்தனை மாதம் எந்த மருந்தைச் சாப்பிட்டார் என்பது அங்குள்ள மையத்துக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் விட்டுவிட்டுத் தொடரும் சிகிச்சை, மருந்துக்கு அடங்காத காசநோயை வளர்க்கும் வழிகளுள் ஒன்று.

இவை மூன்றுமே ஒரு நோய்க்கு அல்லது ஒரு தேவைக்கு என்று அமைந்தவை. ஒருவரின் எல்லா நோய்களுக்கும், அரசு, தனியார் என்ற பிரிவின்றி எல்லா இடங்களுக்கும் பொருந்தும் ஏற்பாட்டைத்தான் இந்திய அரசு இப்போது கட்டிவருகிறது.

இந்திய ஏற்பாடு எப்படி இயங்குகிறது?

அதன் பெயர் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டு, புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் முன்னோட்டமாக நடந்து, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. தேசிய சுகாதார ஆணையம் இதை நடத்துகிறது. இதில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஆபா எனப்படும் 14 இலக்க எண் தரப்படுகிறது. மருத்துவர்களுக்கு ஒரு பதிவேடும், மருத்துவமனை, லேப், பார்மசி போன்ற நிலையங்களுக்கு ஒரு பதிவேடும் உண்டு. தகவலைக் கேட்பவர் உண்மையிலேயே ஒரு மருத்துவமனைதானா என்று உறுதிசெய்ய இவை தேவை.

இங்கே பலர் குழம்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. ஆபா எண் காப்பீட்டு அட்டை அன்று. ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய திட்டம் வேறு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வேறு. பெயர் ஒற்றுமையால் ஆபா எடுத்தால் இலவச சிகிச்சை கிடைக்கும் என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. ஆபா என்பது பதிவுகளை ஒருவரோடு சரியாகப் பொருத்துவதற்கான அடையாளம் மட்டுமே. அது விருப்பத்தின்பேரில் எடுப்பது, அது இல்லாததால் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

எல்லாருடைய மருத்துவப் பதிவுகளும் டெல்லியில் ஏதோ ஒரு பெரிய கணினியில் குவிக்கப்படுகின்றன என்பது இன்னொரு தவறான எண்ணம். யு.பி.ஐ.யில் பணம் அவரவர் வங்கியிலேயே இருக்க, நடுவிலுள்ள அமைப்பு செய்தியை மட்டும் கடத்துவதைப் போல, இங்கும் பதிவு அதை உருவாக்கிய மருத்துவமனையிலோ லேபிலோதான் தங்குகிறது. நடுவிலுள்ள பரிமாற்ற அமைப்புக்கு, இந்த ஆபா எண்ணுக்குரிய பதிவு இன்ன இடத்தில் இருக்கிறது என்பது தெரியும். பதிவின் உள்ளடக்கம் தெரியாது. ஒரு மருத்துவர் உங்கள் பழைய பதிவைக் கேட்டால் கோரிக்கை உங்கள் கைப்பேசிச் செயலிக்கு வரும். யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார், எந்த வகைப் பதிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள் வரை பார்க்கலாம் என்பவை அதில் இருக்கும். லேப் முடிவுகளை மட்டும் தரலாம், மனநல மருத்துவரின் குறிப்பைத் தவிர்க்கலாம், ஒரு வாரத்துக்கு மட்டும் அனுமதிக்கலாம், கொடுத்த அனுமதியைப் பிறகு திரும்பப் பெறலாம். நீங்கள் ஒப்புக்கொண்டபின் பதிவு குறியாக்கம் செய்யப்பட்டு, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றப்பட்டு, அது இருக்கும் இடத்திலிருந்து கேட்டவருக்குப் போகிறது.

அனுப்புவதைவிட, போய்ச் சேர்ந்ததைப் பெறுகிற கணினி புரிந்துகொள்வதுதான் கடினம். இரத்தச் சர்க்கரையை இந்தியாவில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்கிறோம். சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்பார்கள். இங்கே 126 என்று எழுதுவதும் அங்கே 7 என்று எழுதுவதும் ஒன்றே. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள லண்டனுக்குப் போன பாட்டியின் ரிப்போர்ட்டில் அலகு இல்லாமல் எண் மட்டும் இருந்தால் அங்குள்ளவர் திகைப்பார். ஒரே ஊரிலும் ஒரு லேப் ‘ஆர்.பி.எஸ்.’ என்றும், இன்னொன்று ‘ரேண்டம் சுகர்’ என்றும், மூன்றாவது வேறொரு சுருக்கமாகவும் எழுதும். மனிதருக்கு இவை ஒன்றெனப் புரியும், கணினிக்குப் புரியாது. ஆகவே பொது இலக்கணம் வேண்டியிருக்கிறது: பதிவின் கட்டமைப்புக்கு ஹெச்.எல்.7 அமைப்பு வகுத்த ஃபயர் தரநிலை, நோய்களுக்கும் அறிகுறிகளுக்கும் ஸ்னோமெட் சி.டி., லேப் பரிசோதனைகளுக்கு லாயிங்க், படங்களுக்கு டைகாம். மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரநிலைகளை இந்திய அரசு 2013-இல் வெளியிட்டு 2016-இல் திருத்தியது. நோயாளி இவற்றை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மருத்துவமனை மென்பொருள் வாங்கும்போது இவற்றைக் கேட்டு வாங்கவில்லையென்றால், பிற்பாடு ஸ்கேன் செய்த தாள்களின் படங்களை அனுப்புவதோடு அதன் பகிர்வு நின்றுபோகும். அது துணிக்கடைப் பையைவிடச் சிறிதளவே மேல்.

பிற நாடுகளின் அனுபவம்

இதை ஒரு நாடு முழுவதும் நடைமுறைக்குக் கொண்டுவந்ததற்கு எஸ்தோனியா நல்ல சான்று. அங்கே 2008-இன் இறுதியில் தேசிய மருத்துவப் பதிவு முறையும் 2010-இல் மின்னணு மருந்துச் சீட்டும் வந்தன. 2019 ஜனவரியிலிருந்து பின்லாந்து மருத்துவர் எழுதிய மின்னணுச் சீட்டைக் காட்டி எஸ்தோனிய மருந்தகத்தில் மருந்து வாங்க முடிகிறது. எனக்கு அங்கே மிகவும் பிடித்த அம்சம், தன் பதிவை யார் எப்போது திறந்து பார்த்தார் என்ற பட்டியலை நோயாளியே பார்க்க முடிவது. தேவையில்லாமல் எட்டிப் பார்க்கும் ஊழியர் அகப்பட்டுக்கொள்வார் என்ற அச்சம் எந்தக் கடவுச்சொல்லுக்கும் குறையாத காவல்.

பேரிடர்க் காலத்தில் இதன் அருமை கூடுதலாகத் தெரியும். 2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, பல மருத்துவர்களின் காகிதக் கோப்புகள் வெள்ளத்தில் அழிந்தன. ஆனால் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவத் துறை அதற்கு முன்பே மின்னணுப் பதிவுக்கு மாறியிருந்ததால், அங்கிருந்து வெளியேறி வேறு மாநிலங்களில் தஞ்சமடைந்த படைவீரர்களின் பதிவுகளை அங்குள்ள அதே துறை மருத்துவமனைகள் சில நாள்களில் திறந்து பார்த்துச் சிகிச்சையைத் தொடர முடிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இழந்த ஆவணங்களுக்கு மாற்று வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியதை நாம் அறிவோம். குடும்ப அட்டைக்கும் பத்திரத்துக்கும் அரசிடம் மூலப்பதிவு இருந்ததால்தான் மாற்று தர முடிந்தது. நனைந்து கூழாகிப்போன எக்கோ ரிப்போர்ட்டுக்கு அப்படியொரு முகாம் நடத்த யாராலும் இயலாது.

எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டியவை

மருத்துவப் பதிவு களவு போனால் கடவுச்சொல்லை மாற்றுவதுபோல் நோயை மாற்றிக்கொள்ள முடியாது. 2018-இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்துக்குள் புகுந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேரின் விவரங்களையும், அவர்களுள் ஏறத்தாழ 1,60,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரத்தையும் எடுத்துச் சென்றனர். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலால் முடங்கி, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பதிவும் லேப் பணியும் கையால் எழுதி நடந்தன. பதிவுகளைப் பல இடங்களில் பிரித்து வைப்பது ஒரே கொள்ளையில் எல்லாம் போவதைத் தடுக்கும். ஆனால் அப்படிப் பிரிந்திருக்கும் ஒவ்வொரு சிறு மருத்துவமனையும் தன் கணினியைக் காக்க வேண்டிய பொறுப்பு கூடுகிறது. இரண்டு கணினிகளும் ஒரு வரவேற்பாளரும் உள்ள கிளினிக்கில் அந்தப் பொறுப்பை யார் பார்ப்பார் என்பது எளிய கேள்வி அன்று.

நம்பிக்கை குறைந்தால் மக்கள் விலகிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் மறுப்புச் சொல்லாத எல்லாருக்கும் மின்னணுப் பதிவு தானாகவே உருவாகும் என்று அறிவித்தபோது, 2019 ஜனவரி 31-இல் முடிந்த கால அவகாசத்துக்குள் சுமார் 25 லட்சம் பேர் வேண்டாம் என்று விலகினர். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று, மனநலச் சிகிச்சை ஆகியவற்றின் இரகசியத்தை 2017-இல் இயற்றப்பட்ட தனித்தனிச் சட்டங்கள் காக்கின்றன. தனிநபர் தரவுக்குப் பொதுவாக 2023-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் தாளில் இருக்க, பதிவுக் கவுன்ட்டரில் நடப்பது வேறாக இருக்கக்கூடும். நீண்ட வரிசையில் நிற்பவரிடம் "ஓ.டி.பி. சொல்லுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வது ஒப்புதல் ஆகாது, எதற்கு ஒப்புக்கொள்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே கைப்பேசி எண் இருக்கும்போது, மருமகளின் பதிவுக்கான கோரிக்கை மாமனாரின் கைப்பேசிக்குப் போகிறது. இந்தியச் சூழலுக்கே உரிய இந்தச் சிக்கலைத் தொழில்நுட்பம் மட்டும் தீர்த்துவிடாது.

முன்பு ஒதுக்கிவைத்த நினைவிழந்த விபத்து நோயாளியின் நிலையையும் இங்கேதான் பார்க்க வேண்டும். கைப்பேசியில் ஒப்புதல் தர வேண்டிய முறையில், ஒப்புதல் தர இயலாதவரே மிகக் கடினமான நோயாளி. நாமினியோ குடும்பத்தினரோ அவர் சார்பில் ஒப்புதல் தருவதற்குக் கொள்கையளவில் இடமுண்டு. அவர்கள் யார் என்று கண்டுபிடித்து, அவர்களைத் தொடர்புகொள்ளும் நேரத்துக்குள் அவசரப் பிரிவின் மருத்துவர் தன் முதல் முடிவுகளை எடுத்து முடித்திருப்பார்.

தவறும் வேகமாகப் பரவும். ஒரு மருத்துவமனையில் வேறொருவரின் இரத்த வகை இவர் பெயரில் ஏறிவிட்டால், காகிதக் காலத்தில் அது அந்தக் கோப்போடு நின்றிருக்கும். இப்போது போகும் இடமெல்லாம் வரும், கணினி காட்டுவதால் கூடுதலாக நம்பவும் படும். மருத்துவர்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஒரு காலைப் பொழுதில் நூறு பேரைப் பார்க்கும் ஓ.பி.யில், ஒவ்வொருவருக்கும் பத்தாண்டுப் பதிவு ஐம்பது பக்கமாக வந்து விழுந்தால் படிக்க நேரம் ஏது? தேவையான நான்கு வரிகளை, அதாவது நாட்பட்ட நோய்கள், இப்போதைய மருந்துகள், ஒவ்வாமை, அண்மைப் பரிசோதனைகள் ஆகியவற்றை முதலில் காட்டும் மென்பொருள் இல்லாவிட்டால், பகிர்ந்த தகவல் திறக்கப்படாமலே இருக்கும். நாட்டில் 70 கோடிக்கு மேற்பட்ட ஆபா எண்கள் உருவாக்கப்பட்டுள்ளன என்ற கணக்கைப் படிக்கும்போது, அவற்றில் எத்தனை எண்களின் பதிவை ஒரு மருத்துவர் உண்மையில் திறந்து படித்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. முன்னேற்றத்தின் அளவுகோலாக அதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

பயன்படுத்த விரும்புவோருக்கு

ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு, ஆபாவின் அரசு இணையதளத்திலோ செயலியிலோ கட்டணமின்றி எண்ணைப் பெறலாம். எண்ணோடு, நினைவில் வைத்துக்கொள்ள எளிதான, ‘அட் ஏ.பி.டி.எம்.’ (@abdm) என்று முடியும் முகவரி ஒன்றும் கிடைக்கும். எண் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. மருத்துவமனைக்கும் லேபுக்கும் போகும்போது அதைச் சொல்லி, அன்றைய பதிவை அதனோடு இணைக்கச் சொல்ல வேண்டும். சில மருத்துவமனைகளின் ஓ.பி.யில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால், பெயர் விவரங்கள் தாமாகவே சென்று டோக்கன் எண் வரும். பதிவு வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகும். பெயர், பிறந்த தேதி ஆகியவை ஆதாரில் ஒருவிதமாகவும் மருத்துவமனைப் பதிவில் வேறுவிதமாகவும் இருந்தால் பதிவுகள் பொருந்தாமல் போகக்கூடும். முன்னெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று இடத்துக்கு இடம் மாறும் நம் பெயர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம், ஆகவே முதல் முறையே சரிபார்த்துக்கொள்வது நல்லது. வயதான பெற்றோருக்கு எடுத்துக் கொடுக்கும்போது, கோரிக்கைகள் யாருடைய கைப்பேசிக்கு வர வேண்டும் என்பதை அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய தாள்களை எறிந்துவிட வேண்டாம். இணைக்கப்பட்ட நிலையங்களில் இனி உருவாகும் பதிவுகளே தாமாக வந்து சேரும். பத்தாண்டுக்கு முந்தைய அறுவைச் சிகிச்சைக் குறிப்பையோ, ஒவ்வாமை ஏற்பட்டபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையோ நாமேதான் ஸ்கேன் செய்து செயலியில் ஏற்றி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஏற்ற நேரமில்லையென்றால், இவ்விரண்டோடு கடைசி ஈ.சி.ஜி.யையும், கிடைக்கும் கிரியாட்டினின் முடிவுகள் அனைத்தையும் தேதி வாரியாக முதலில் ஏற்றுங்கள்.